கத்திக்கு முன்னும் பின்னும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுவைப் பராமரிப்பு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் பெயர்களையும் மருத்துவமனைக் கட்டடங்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் அறுவைக்கு உள்ளான தோட்டத் தொழிலாளி ஒருவர் மீண்டும் எழுந்து நடமாடுவதை, கத்தி பட்ட சிறு பொழுதோடு அதற்கு முந்திய நாள்களும் பிந்திய வாரங்களும் சேர்ந்தே முடிவுசெய்தன. அந்த நாள்களையும் வாரங்களையும் இப்பகுதியில் நெடுங்காலம் சுமந்தவர்கள், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் பணியாளராகிய ‘டிரெசர்’களும் அவர்களுக்குத் துணைநின்ற ஆயாக்களுமே ஆவர்.

அறுவைப் பராமரிப்பு ஒரு தனித் திறனாக உருவானதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் காரணமாயின. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பலரறியச் செய்துகாட்டப்பட்டபின், மயக்கத்திலிருக்கும் நோயாளி வாந்தியெடுத்து அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடாதபடி முன்கூட்டியே வயிற்றை வெறுமையாக வைத்திருப்பதும், தெளியும்வரை மூச்சையும் நாடியையும் ஒருவர் அருகிருந்து கவனிப்பதும் நாளடைவில் கட்டாயமாயின. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டபின், கருவிகளையும் கைகளையும் கட்டுத்துணியையும் கிருமியின்றிக் காப்பது அன்றாடக் கடமையாயிற்று. அதே 1867இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் ‘இரண வைத்தியம்’ என்னும் அறுவை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். ஆகவே, பின்னாளில் மலாயாவுக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு மேனாட்டு அறுவை முறை முற்றிலும் புதிதன்று. எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் மருத்துவமனை உதவியாளராகவும் அரசுப் பணியிலும் தோட்டங்களிலும் அமர்ந்த அவர்களுள் பலர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியமர்ந்தனர்.

1870இல் தோன்றியதாகக் குறிக்கப்படும் கோலாலம்பூர் மருத்துவமனை, 1920 வாக்கில் பெரும்பாலும் மரத்தாலான 28 வார்டுகளைக் கொண்டிருந்தது. கிள்ளானிலோ, 1901இல் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திப் பெயர்பெற்றார். ரப்பர் தோட்டங்கள் பெருகிய பின்னர், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. அண்டைத் தோட்டங்கள் சில சேர்ந்து ஒரே மருத்துவமனையை நடத்துவதும், மருத்துவர் குறித்த நாள்களில் மட்டும் வந்துபோக, மற்ற நேரமெல்லாம் டிரெசரே அதைப் பார்த்துக்கொள்வதும் வழக்கமாயின.

டிரெசரிடம் வந்தவற்றில் ஆறாத கால்புண், சீழ்க்கட்டி, வெட்டுக்காயம் போன்றவை மிகுதி. சிறிய கட்டிகளை அவர் அங்கேயே கீறினார். பெரிய அறுவை வேண்டியவரை நகரத்துக்கு அனுப்பினார். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைத்துவிட்ட உடம்பு மயக்கத்தையும் இரத்த இழப்பையும் தாங்குவது அரிது, புண் ஆறுவதும் மெதுவாகும் என்பதால், கொய்னாவும் புழுமருந்தும் கொடுத்து உணவால் உடம்பைத் தேற்றுவதே உண்மையில் அறுவைக்கு முந்திய பராமரிப்பாக அமைந்தது. எனினும் டிரெசர் தோட்டத்தின் சம்பளக்காரர். நோயாளி எப்போது மீண்டும் பால்வெட்டுக்குப் போகலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே பராமரிப்பும் வேலைவாங்கலும் ஒரே கையில் சேர்ந்திருந்தன என்பதை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பராமரிப்புப் பொறுப்பு சட்டத்தால் வகுக்கப்பட்ட தொழிலாயிற்று. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் பதிவையும் தகுதியையும் வரையறுத்தது. பிரான்சிஸ்கன் கன்னியர் 1954இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய அசுந்தா மருத்துவப் பணி, பின்னர் துன் டான் செங் லோக் பெயரில் தாதியர் பள்ளியையும் பெற்றது. 1968இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக மருத்துவமனை அறுவைத் துறையைக் கற்பித்தலோடு இணைத்தது. தோட்ட டிரெசர்களுக்கு 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் சட்டமும், மருத்துவ உதவியாளர்களுக்கு 1977ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் வந்தன. ஒருவரே செய்த வேலை இப்போது பலரிடம் பிரிந்தது: ஒப்புதலையும் பட்டினியையும் சரிபார்ப்பவர் வார்டுத் தாதி, கிருமிநீக்கிய உடையில் நின்று கருவிகளைக் கொடுத்து, துணிகளையும் ஊசிகளையும் எண்ணுபவர் அறுவைக்கூடத் தாதி, மயக்கம் தெளியும்வரை உடனிருப்பவர் மீட்பறைத் தாதி.

பிரிந்த கைகளுக்கிடையே செய்தி தவறும் ஆபத்தைக் கருதியே உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி கூடத்தைவிட்டு நீங்கும் முன் என மூன்று இடங்களில் அது குழுவினரை நின்று பேசச் சொல்கிறது. மலேசிய மருத்துவமனைகளும் அதைக் கைக்கொண்டன. ஆனால் அப்பட்டியலின் எல்லை அறுவைக்கூடத்தின் வாசலோடு முடிகிறது. விரால்மீன் கொடுத்தால் புண் விரைவில் ஆறும் என்ற, இந்நாட்டின் எல்லா இனத்தாரிடமும் வேரூன்றிய நம்பிக்கையும், தமிழ்க் குடும்பங்களின் பத்தியமும், கட்டு மாற்ற வேண்டிய நாள்களும் அதற்கு அப்பால்தான் தொடங்குகின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறி, தொழிலாளர் கிள்ளானுக்கும் பிற நகர்ப்புறங்களுக்கும் பெயர்ந்தபோது தோட்ட மருத்துவமனைகளும் மறைந்தன. வீடு திரும்பிய நோயாளியை நாள்தோறும் கண்ணெதிரே பார்த்துவந்த ஒருவர் இல்லாமற்போனதே இம்மாற்றத்தில் நேர்ந்த பெரிய இழப்பு. அந்த இடத்தை இன்று நிரப்புவது அரசாங்கச் சுகாதார நிலையங்களில் காயத்தைத் திறந்து பார்த்துக் கட்டு மாற்றும் அறைகளே. நகர மருத்துவமனை எழுதியனுப்பும் குறிப்பு அந்த அறைக்கு எவ்வளவு தெளிவாக வந்துசேர்கிறது என்பதைக் கொண்டே, பெரிய அறுவைக்கூடங்களின் திறமையும் அளக்கப்பட வேண்டும்.