ஹெரால்டு காரும் ஒரு கார்புரேட்டரும்

மாணவர்களே, என் இளமைக்காலத்தில் மாரண்டஹள்ளியில் ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் செய்யத் தொடங்கிய வண்டி அது, 948 சி.சி. எஞ்சின், ஒரே கார்புரேட்டர். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1147 சி.சி. எஞ்சினும் இரட்டைக் கார்புரேட்டரும் பூட்டி, 1962இல் இங்கிலாந்தில் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் படைத்தனர். இரண்டு இருந்தால் வேகந்தான். இரண்டையும் ஒத்துழைக்கச் செய்வதோ தனித் தொல்லை!

நம்மூர் ஹெரால்டு ஒருநாள் மேட்டில் இருமி நின்றது. பழி கார்புரேட்டர்மீது விழுந்தது. உரிமையாளர் பெரும்பொருள் செலவிட்டுப் புதியது வாங்கிப் பொருத்தினார், இருமல் தீரவில்லை. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். காற்று மிகுந்தால் எஞ்சின் இருமும். இங்கே கரும்புகை இல்லை. முதிய மெக்கானிக் ஒருவர், கலவை செல்லும் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் சில துளி எண்ணெய் விட்டார். எஞ்சின் அக்கணமே சீராக ஓடிற்று. ஆங்கிருந்த பேக்கிங் கிழிந்து, வேண்டாத காற்று புகுந்திருந்தது!

பழைய கார்புரேட்டரே மீண்டும் ஏறியது. புதியதை உரிமையாளர் எங்கள் பள்ளிக்குத் தந்தார். குறுகிய குழலில் காற்று விரைந்தால் அழுத்தம் குறையும், பெட்ரோல் மேலெழும் என்பதை, நான் ஆசிரியனானபின் அதைக் காட்டியே கற்பித்தேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் அநேகமாக மறைந்தது. எங்கள் பள்ளி அலமாரியில் மட்டும் அது இருந்தது.