இளையோர் கால்பந்துக் குழுக்களில் குழந்தைப் பாதுகாப்பு: போடி மலையடிவாரத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

விளையாட்டுப் பயிற்சிக்கு வரும் 18 வயது நிறைவடையாதவர்களை உடல், மன, பாலியல் துன்புறுத்தல்களிலிருந்து காப்பதற்கான சட்டங்களும் நடைமுறைகளும் விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்பு எனப்படுகின்றன. கால்பந்து உலகில் இது பேசப்படத் தொடங்கியது மிக அண்மையில்தான். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் போன்ற ஊரில் இதற்குத் தனித் தேவை உண்டு.

போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஏலக்காட்டு வேலைக்குச் செல்வோர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் போகிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். காய் எடுக்கும் மாதங்களில் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ திடலிலோதான் இருப்பார்கள். திடலில் பந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் அந்த நேரத்தில் அப்பா, அம்மா இருவர் இடத்திலும் நிற்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கைக்காசு போட்டுப் பந்து வாங்கித் தரும் நல்லவர்களே. ஆனால் ஒருவரை மட்டும் நம்பிப் பிள்ளையை விட வேண்டிய நிலை இருக்கிறதே, அதுதான் ஆபத்து நுழையும் வாசல்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய கவலை சட்டத்துக்குப் புதிதல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அது தோட்டத்திலேயே குடியிருப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காலையில் மலையேறி மாலையில் இறங்கும் தாயின் பத்து வயது மகனுக்கு அதில் இடமில்லை. அதற்கும் முன்னால், 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆயினும் அதன் நோக்கம் பெரும்பாலும் ஆதரவற்ற, குற்றத்தில் சிக்கிய சிறுவர்களைப் பற்றியதாகவே இருந்தது.

இங்கிலாந்து தந்த பாடம்

கால்பந்து உலகை உலுக்கியது 2016 நவம்பர். முன்னாள் வீரர் ஆண்டி வுட்வர்டு, சிறுவனாக இருந்தபோது பயிற்சியாளர் பாரி பென்னல் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதைத் தம் பெயர், முகத்தோடு 'தி கார்டியன்' நாளிதழில் வெளிப்படுத்தினார். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வாய் திறந்தார்கள். பென்னல் திறமையான சிறுவர்களைத் தேடிப் பிடிப்பவராக அறியப்பட்டவர். வார இறுதிகளில் சிறுவர்கள் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். பெற்றோர் அதைப் பெருமையாகவே எண்ணினர். 'பெரிய கிளப்பில் சேர்த்துவிடுவேன்' என்ற வாக்குறுதியே வாயை அடைத்தது.

வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன் தலைமையிலான விசாரணை அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. 1970 முதல் 2005 வரையிலான காலத்தில் குறைந்தது 240 சந்தேக நபர்கள், 692 பாதிக்கப்பட்டோர் என்று அது கணக்கிட்டது. 1995 அக்டோபருக்கும் 2000 மே மாதத்துக்கும் இடையே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தேவையான பாதுகாப்பு நடவடிக்கைகளைத் தாமதப்படுத்தியது நிறுவனத் தவறு என்றும் சொன்னது. ஃபிஃபாவின் 'கார்டியன்ஸ்' என்ற குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் 2019இல் வந்தது.

இந்தியாவில்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் வேறுபாடின்றி 18 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் இது பொருந்தும். இதன் 19ஆம் பிரிவைப் பலர் அறிந்திருக்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'குழுவின் பேர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் இருப்பவர் செய்தால் அது கடுமையான குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனையும் கூடுகிறது.

2020 மார்ச்சில் வெளியான போக்சோ விதிகள் ஒரு படி மேலே சென்றன. பள்ளி, காப்பகம் ஆகியவற்றோடு விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும் பற்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு நடத்த வேண்டும் என்றன. தெருவில் கூடி விளையாடும், எங்கும் பதியப்படாத குழுக்களில் இதைச் செய்யச் சொல்வது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானபோது, ஒரு புகாருக்குப் பின் பல வீராங்கனைகள் முன்வந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று தமிழ்நாடு அரசு குழந்தைகளுக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது. 2022 ஜூனில், 17 வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் கால்பந்து அணி ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் முறைகேடான நடத்தைப் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டார். அணி இன்னும் வெளிநாட்டில் இருக்கும்போதே நடவடிக்கை எடுக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும்போது, பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மட்டுமே கேட்போம். எங்கே தங்குகிறார்கள், எந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இன்று கேட்க வேண்டியவை அவைதாம்: பயிற்சியின்போது பெரியவர் இருவர் இருக்கிறார்களா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா, வெளியூர்ப் பயணத்தில் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் போகிறாரா, பயிற்சியாளர் ஒரு பிள்ளைக்கு மட்டும் இரவில் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறாரா.

மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. போடிப் பிள்ளைகள் பூப்பாறையில் ஆடப் போனால் அது கேரளத்து இடுக்கி மாவட்டம். அங்கே தவறு நடந்தால் எங்கே புகார் செய்வது என்று பெற்றோர் தடுமாறக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் போடி காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது காவல்துறையின் வேலை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வந்து பெறலாம். வருபவர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.