வந்தவர்களால் வளர்ந்த ஊர்



பெயின்ட் வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் மட்டும் ஆதார் அட்டையை வாங்கி கேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. "வெளியாட்கள் வந்து ஊரே மாறிப்போச்சு" என்றார் ஒருவர். பலர் தலையாட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்: நம்மில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள்?

ஸ்ரீரங்கம் கோயில் நிர்வாகத்தைச் சீரமைத்த ராமானுஜரே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, காஞ்சியில் வாழ்ந்து, பிறகு இங்கே வந்தவர்தான்.

பொன்மலைக்கு வாருங்கள். ரயில்வே பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறியது. இயந்திரங்களோடு தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. அவர்களுக்காகக் காலனி எழுந்தது. அவர்கள் சம்பளத்தை நம்பிக் கடைகளும் சந்தையும் வளர்ந்தன.

கடல் கடந்தும் வந்தார்கள். 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பினார்கள். 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. விமான நிலையம் அருகே கொட்டப்பட்டு முகாமில் தங்கியவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் கையேந்தி நிற்க அவர்கள் வரவில்லை. தொழில் தொடங்கக் கடன்தான் வேண்டியிருந்தது. அப்படித் தாயகம் திரும்பியோருக்காக 1969-இல் தொடங்கியதே ரெப்கோ வங்கி. இன்று மற்றவர்களும் அங்கே கடன் வாங்குகிறார்கள்.

1965-இல் திருவெறும்பூர் பெல் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. வேலை கிடைத்துப் பல ஊர்க்காரர்கள் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குடியேறினார்கள். ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் துவாக்குடி பக்கம் பெருகின. நம் பிளாக்கில் ஓய்வுபெற்ற பெல் ஊழியர்கள் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

வேலை ஆட்களை அழைத்தது. வந்தவர்கள் வாடகை கொடுத்தார்கள், அரிசி வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். அதில் இன்னும் பலருக்கு வேலை கிடைத்தது. திருச்சி இப்படித்தான் பெருத்தது.

பாதுகாப்பு தேவைதான். பதிவேட்டில் பெயர், போன் நம்பர் எழுதட்டும். எந்த ஊராக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே விதி. அடையாள அட்டையைப் பிடுங்கி வைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, என்ன வேலைக்காக இங்கே வந்தது?