அருங்காட்சியகமும் குடும்பமும்: பெயர்வழிக் கல்வி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் குடும்பத்தார்க்கும் ஊரார்க்கும் எனத் தனி நிகழ்ச்சிகளை அமைத்து நடத்துவதை இந்நாளில் பல நாடுகளிலும் காண்கிறோம். பெற்றோர் தம் மக்களுடன் சென்று கிளிஞ்சலையும் எலும்பையும் இறகையும் தொட்டறிவதும், வினவி விடை பெறுவதும் அந்நிகழ்ச்சிகளின் இயல்பு. இம்முறை மேலைநாட்டார் கண்ட புதுமை என்பர். 1899ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரின் புரூக்லின் பகுதியில் குழந்தைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் தோன்றியதை இதற்குத் தொடக்கமாகக் காட்டுவாரும் உளர்.

தமிழகத்தில் அதற்கு முன்னரே, எவரும் திட்டமிடாத குடும்பக் கல்வி ஒன்று அருங்காட்சியகத்தில் நிகழ்ந்து வந்தது என்பதும், உயிர்களின் பெயரைச் சொல்லுதலே அதன் நிலைக்களன் என்பதும், அதனைப் பேணாதுவிடின் இலக்கியப் பொருளறிவே குன்றும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். இவற்றைச் சென்னை அருங்காட்சியக வரலாற்றை முதலாகவும், தாராபுரம் வட்டாரத்தின் நிலையைத் துணையாகவும் கொண்டு ஆராய்வோம்.

அருங்காட்சியகத்தின் தோற்றம்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தோன்றியது. சென்னை இலக்கியக் கழகத்தார் திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 1,100 நிலவியற் பொருள்களே அதன் முதல் தொகுதி. கற்களும் கனிமங்களும் முதலிடம் பெற்றமைக்குக் காரணம் உண்டு. நாட்டின் விளைபொருள்களைக் கணக்கிட்டு வணிகப் பயன் காண்பது அக்கால ஆட்சியாளரின் நோக்கம். அருங்காட்சியகம் முதலில் நுங்கம்பாக்கத்தில் புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் இருந்தது; 1854ஆம் ஆண்டின் இறுதியில் எழும்பூருக்கு மாறியது.

அதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். கற்களைக் காண வருவோரினும் உயிருள்ள விலங்குகளைக் காண வருவோர் மிகுதி என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையை அமைத்தார். மக்கள் திரண்டனர். விலங்குகளின் தொகை பெருகவே, 1863ஆம் ஆண்டு அக்காட்சிசாலை மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பெற்றது. 1985ஆம் ஆண்டு வண்டலூரில் திறக்கப்பெற்ற பெரிய உயிரியல் பூங்கா அதன் வழிவந்ததே. மக்களின் விருப்பம் ஒரு நிறுவனத்தின் போக்கையே மாற்றியது என்பதற்கு இது தக்க சான்று.

வேடிக்கை மனையும் கல்விச்சாலையும்

1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக விளங்கியவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகள் வெளியிட்டவர் இவரே. அருங்காட்சியகத்திற்கு வருவோருட் பெரும்பாலார் அதனை வேடிக்கை மனையாகவே கருதுகின்றனர் என்று இவர் குறைபட்டார். விலங்குகளைக் கண்டவுடன் அவற்றின் பெயரைத் தம் மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே அவர்கள் கடந்து செல்வதும் இவர்தம் கவனத்திற்கு வந்தது.

தர்ஸ்டன் குறையாகக் கண்டதை நாம் வேறு வகையில் நோக்குதல் வேண்டும். அக்காலத்துப் பெயர்ப்பலகைகள் ஆங்கிலமும் இலத்தீனும் அறிந்தார்க்கே பயன்பட்டன. எழுத்தறியாத தாய் ஒருத்தி தன் மகவுக்கு அப்பலகையைப் படித்துக் காட்டுதல் இயலாது. ஆயின், ‘இது அலுங்கு’, ‘இது தேவாங்கு’ என்று சொல்ல அவளால் இயலும். பலகை தரத் தவறிய பெயரைத் தாய் தந்தாள். குழந்தை அதனைத் திரும்பச் சொல்லிக் கற்றது. பொருளும் பெயரும் ஒருங்கே மனத்திற் பதியும் இம்முறையைக் கல்வி என்னாது வேறு என்னென்பது?

மக்கள் வழங்கிய பெயரும் இதனை வலியுறுத்தும். சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். இவ்வழக்கு நகைப்பிற்குரியதாகவே பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அருங்காட்சியகம் முதலிற் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தமையால் இப்பெயர் தோன்றியிருத்தல் கூடும். தோற்றம் எவ்வாறாயினும், கட்டடம் மாறிய பின்னரும் ‘காலேஜ்’ என்ற சொல் நிலைத்தது. கல்லூரிக் கட்டடத்தோடு தொடர்பே இல்லாத விலங்குக் காட்சிசாலைக்கும் அது சென்று பொருந்தியது. உயிரற்றவற்றைக் காட்டிக் கற்பிக்கும் இடம் ஒன்று, உயிருள்ளவற்றைக் காட்டிக் கற்பிக்கும் இடம் மற்றொன்று என்னும் பாகுபாடு அவ்வழக்கில் தெளிவாக உள்ளது. கண்காணிப்பாளர் வேடிக்கை மனை என வருந்திய இடத்தை, வேடிக்கை பார்க்க வந்தோரே கல்விச்சாலை எனப் பெயரிட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மகளிரும் திருநாளும்

பொதுவிடங்களுக்குச் செல்லாத கோஷா மகளிரும் காணுமாறு, ஆடவர்க்கு இடமின்றி அவர்க்கென நேரம் ஒதுக்கும் வழக்கம் தர்ஸ்டன் காலத்தில் இருந்தது. இன்று ‘குடும்ப நிகழ்ச்சி’ எனப்படும் ஏற்பாட்டின் முன்வடிவங்களுள் இஃது ஒன்று எனலாம்.

ஆயினும், அலுவலர் வகுத்த நாளினும் மக்கள் தாமே வகுத்துக்கொண்ட நாள் சிறந்தது. அதுவே காணும் பொங்கல். உற்றாரையும் ஊரையும் காணப் புறப்படும் அந்நாளில், கட்டுச்சோற்றுடன் குடும்பங்கள் எழும்பூரிலும் விலங்குக் காட்சிசாலையிலும் திரள்வது நெடுநாளைய வழக்கம். பாட்டனும் பெயரனும் ஒரே கண்ணாடிப் பேழையின் முன் நிற்கும் நாள் அது. பள்ளி மாணவர் ஆசிரியருடன் வரும்போது வினாவும் விடையும் ஒரு தலைமுறைக்குள் அடங்கும்; குடும்பமாக வரும்போதோ மூத்த தலைமுறையின் சொல் இளைய தலைமுறைக்குக் கைமாறுகிறது.

பெயரும் மரபும்

பெயர் சொல்லுதலை இத்துணை வற்புறுத்துவது ஏன் என்று வினவலாம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என அவற்றின் வழக்கையும் வரையறுத்தார். யானையின் இளமைக்குக் கன்றும் குழவியும் உரிய, ஆட்டின் இளமைக்கு மறி உரியது என்பன போன்ற வரையறைகள் நூலறிவால் மட்டும் பிறந்தவை ஆகா. உயிர்களைக் கண்டு பழகிய மக்களின் நாவிலிருந்து அவை பெறப்பட்டவை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த 99 பூக்களும் அத்தகையனவே.

இன்று அப்பூக்களிற் பலவற்றிற்கு அகராதியில் ‘ஒரு பூ’, ‘ஒரு கொடி’ என்னும் பொருளே எஞ்சியுள்ளது. சங்க இலக்கியச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் இயற்கையோடு ஒப்பிட்டு ஆய்ந்த பி. எல். சாமி போன்றோர் இக்குறையைப் பெரிதும் நீக்கினர். ஆயினும், சொல்லைச் சொல்வாரும் பொருளைக் காட்டுவாரும் ஒருங்கே மறைந்துவிடின் எவ்வாராய்ச்சியும் அதனை மீட்டுத் தருதல் அரிது.

தாராபுரம் வட்டாரம்

இக்கருத்தை அமராவதி பாயும் தாராபுரம் வட்டாரத்தில் வைத்து நோக்குவோம். இவ்வட்டாரப் பொருள்கள் உலகின் கண்ணிற் பட்டது நெடுங்காலத்திற்கு முன்பாகும். பழைய தாராபுரம் வட்டத்தைச் சார்ந்திருந்த, காங்கயத்தையடுத்த படியூரில் கடல்வண்ணப் பச்சைக்கல் கிடைத்தது. 1819-20ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் அங்குச் சுரங்கம் தோண்டிக் கல்லெடுத்தனர். கோவையில் வனத்துறை அலுவலர் காஸ் அமைத்த வன அருங்காட்சியகம் 1902ஆம் ஆண்டு ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவால் திறக்கப்பெற்றது. நெடுங்காலம் கோவை மாவட்டத்திலும், 1979 முதல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட பெரியார் மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் அடங்கிய தாராபுரத்தார்க்கு, அவ்வருங்காட்சியகமே அணிமையில் அமைந்த ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. அமராவதி அணையருகே 1970களின் நடுப்பகுதியில் தோன்றிய முதலைப் பண்ணையை இவ்வட்டாரத்தின் ‘உயிர்க் காலேஜ்’ எனலாம். திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்று, 2024இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

இவற்றினும் விரிந்த காட்சிசாலை ஒன்று இவ்வட்டாரத்தில் உண்டு. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலமே அது. முள்ளுக்கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் ஆகியவை சூழக் காங்கயம் மாடுகள் மேய்வது அந்நிலத்தில்தான். மாடு வளர்ப்போர் அவற்றை நிறம் நோக்கி மயிலை, காரி, செவலை, பிள்ளை என வழங்குவர். முல்லைக்கலியின் ஏறு தழுவற் பாடல்களிலும் ஏறுகள் நிறத்தாற் பெயர் பெறுகின்றன. காரி என்னும் பெயர் அங்கும் வருகிறது. வகுப்பறையில் உரையாசிரியரின் துணைகொண்டு நாம் விளக்கும் சொல், காங்கயத்து உழவரின் நாவில் இன்றும் உயிரோடு உலவுகிறது.

ஆனால், கொறங்காட்டை விட்டுப் பனியன் தொழிலுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. பெற்றோர் இருவரும் ஆலைக்குச் செல்ல, நகரில் வளரும் பிள்ளைக்குக் கொழுக்கட்டைப் புல்லைக் காட்டிப் பெயர் சொல்ல உடன் இருப்பார் யார்? பாட்டனார் ஊரில் இருக்கிறார். பெயரன் நகரில் இருக்கிறான். இடையே ஒரு சொற்றொகுதி கேட்பாரின்றி அழிகிறது.

முடிவுரை

மைய அரசு 1978இல் தில்லியிலும் 1995இல் மைசூரிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களைத் திறந்து, குழந்தைகள் தொட்டும் ஆராய்ந்தும் அறியத்தக்க அறைகளையும் அவற்றில் அமைத்தது. தில்லியில் இருந்தது 2016ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்தது. காட்சிப் பொருள்கள் தீக்கிரையானால் அவ்விழப்பு நாடறியும். ஒரு மூதாட்டியோடு நூறு புல்லின் பெயர்கள் மறைந்தால் அதனை அறிவார் இலர்.

ஆதலின், அருங்காட்சியகக் குடும்ப நிகழ்ச்சிகளில் தமிழ்த்துறையார்க்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு காட்சிப்பொருளின் பலகையிலும் நூல்வழக்குப் பெயரோடு வட்டார வழக்குப் பெயரும் இடம்பெறுதல் வேண்டும். மூத்தோரைக் குடும்பத்தோடு வரவழைத்து, அவர் சொல்லும் பெயர்களை இடமும் நாளும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் முல்லைப் பாடல்களைப் பயிலும் பருவத்தில் ஒருநாளேனும் கொறங்காட்டில் நிற்றல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும். தர்ஸ்டன் காலத்து மக்கள் உரக்கச் சொல்லிச் சென்ற பெயர்களை அன்று எவரேனும் முழுமையாகத் தொகுத்திருப்பின், உரைகளிலும் அகராதிகளிலும் இன்று நமக்குள்ள ஐயங்களிற் சில எழுந்திரா என்பது எம் துணிபு.