ஃபோர்டுக்குள் செவர்லே

1953 டிசம்பர் 16. ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பொறியாளர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார். பெயர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். பிரஸ்ஸல்ஸில் பிறந்த ரஷ்ய யூதர். பெர்லினில் படித்தவர். பிரான்ஸ் நாஜிகளிடம் விழுந்தபோது தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தவர். இளைஞர்கள், ஹாட் ராடர்கள், செவர்லே என்று மூன்றையும் தலைப்பிலேயே வைத்து எழுதிய அந்தக் குறிப்பின் சாரம் இது: பழைய காரைப் பிரித்து வேகம் கூட்டுகிற பையன்களின் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள், அட்டை முதல் அட்டை வரை ஃபோர்டுதான். ஃபோர்டு கம்பெனிக்காரர்களைவிட ஃபோர்டின் பாகங்கள் அவர்களுக்கு அத்துப்படி. நாளைக்குக் கையில் நாலு காசு வந்து புதுக் கார் வாங்கப் போனாலும் ஃபோர்டு ஷோரூமுக்குத்தான் போவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சில வருடங்களுக்கு முன்புவரை இதே டன்டோவ் தன் தம்பி யூராவோடு சேர்ந்து ஃபோர்டு இன்ஜினுக்குத்தான் பாகம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1932இல் ஹென்றி ஃபோர்டு 500 டாலருக்கும் குறைவான விலையில் ஒரு எட்டு சிலிண்டர் கார் விட்டார். அதுவரை வி-8 என்பது பணக்காரர்கள் சமாச்சாரம். சிலிண்டர்கள் மொத்தத்தையும் ஒரே வார்ப்பில் எடுத்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டில், பிளாக்கிற்குள்ளேயே இருந்தன. அதனால் மேல்மூடி வெறும் தட்டை. ‘ஃப்ளாட்ஹெட்’ என்ற பெயர் அப்படி வந்தது. பெரிய மந்திரமெல்லாம் இல்லை, ஆனால் மலிவு, எங்கும் கிடைக்கும். பத்து வருடம் ஓடித் தேய்ந்த 1932 ஃபோர்டை ஒரு கடைப்பையன்கூட வாங்கிவிடலாம். மட்கார்டைக் கழற்றிப் போட்டு, இன்ஜினைக் குடைந்து, கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிப் போய் யார் வேகம் என்று பார்ப்பார்கள். அப்படி மாற்றிய கார்தான் ஹாட் ராட். போர் முடிந்து, ராணுவத்தில் மெக்கானிக் வேலை பழகிய இளைஞர்கள் ஊர் திரும்பியதும் கூட்டம் பெருகியது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே பத்திரிகை வந்துவிட்டது.

ஆனால் ஃப்ளாட்ஹெட்டுக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி. எரிந்த புகை வெளியேற வேண்டிய வழி, பிளாக்கின் உள்ளே, குளிர்நீர் ஓடும் இடத்தின் ஊடாகவே போகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள், வெளியேற மூன்றே வாசல்கள். நடுவிலிருக்கும் இரண்டும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சூடு தாங்காமல் ரேடியேட்டர் கொதிக்கும், பிளாக் விரிசல் விடும். டன்டோவ் சகோதரர்கள் இதற்குத்தான் மருந்து கண்டுபிடித்தார்கள். வால்வுகளை மேலே ஏற்றி வைக்கும் அலுமினிய மூடி. பெயர் ‘ஆர்டன்’, ஆர்கஸ்-டன்டோவின் சுருக்கம். வேலை செய்தது. ஆனால் விலை அதிகம், இன்ஜினும் அகலமாகிவிட்டது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, பழைய இன்ஜினைத் தேற்றுவதைவிட மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறொன்று வைத்தால் என்ன? 1949இல் கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபிலும், 1951இல் கிரைஸ்லரும் புது வி-8களோடு வந்தபோது இந்தக் கேள்வி சூடு பிடித்தது. கேடிலாக் இன்ஜினை ஃபோர்டுக்குள் இறக்கி, அதற்கு ‘ஃபோர்டிலாக்’ என்று பெயரும் வைத்து விற்றார்கள்! கிரைஸ்லர் இன்ஜினின் சக்தி 180 குதிரைத்திறன். ஆனால் அதைத் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முன்னச்சின் மேல் அவ்வளவு எடை உட்கார்ந்தால், வளைவில் கார் நம் பேச்சைக் கேட்காது. போதாததற்கு இவையெல்லாம் விலை உயர்ந்த கார்களின் இன்ஜின்கள். காயலான் கடைக்கு எப்போதாவது ஒன்று வரும், வந்தாலும் சும்மா கிடைக்காது.

ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. 1954இல் ஃப்ளாட்ஹெட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புது வி-8 கொண்டுவந்தது. கனமான இன்ஜின், மேலே ராக்கர்களுக்கு எண்ணெய் ஒழுங்காக ஏறுவதில்லை என்ற கெட்ட பெயர் வேறு. நியாயமாகப் பார்த்தால் ஹாட் ராடர்கள் இதற்குத்தான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

ஏனென்றால் அடுத்த மாடல் வருடமே, 1955இல், செவர்லே தன் சின்ன வி-8ஐ இறக்கியது. தலைமைப் பொறியாளர் எட் கோல், முன்பு கேடிலாக்கின் வி-8இல் வேலை பார்த்தவர். 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன். கடைசி ஃப்ளாட்ஹெட் கொடுத்தது 110. செவர்லேயின் பழைய ஆறு சிலிண்டரைவிட இந்த எட்டு சிலிண்டரின் எடை குறைவு என்பதுதான் எல்லாரையும் மூக்கில் விரல் வைக்கச் செய்தது. அதன் ரகசியம் சிக்கனம். ராக்கர்களைத் தாங்க நீண்ட தண்டு கிடையாது. ஒவ்வொன்றும் தகட்டில் அடித்தெடுத்த சின்னத் துண்டு, ஒரு ஆணியின் மேல் குண்டு வைத்து ஆடும். புஷ்ராடை உள்ளே பொள்ளலாக்கி, அதன் வழியே எண்ணெயை மேலே அனுப்பினார்கள். வலது மூடியும் இடது மூடியும் ஒரே அச்சு, மாற்றி மாட்டலாம். எல்லாமே தயாரிப்புச் செலவைக் குறைக்கச் செய்தவை. பட்டறைப் பையனின் செலவும் கூடவே குறைந்தது, அவ்வளவுதான். அந்த முதல் வருடம் ஆயில் ஃபில்டருக்கு பிளாக்கில் இடமே விடவில்லை. சிக்கனம் கொஞ்சம் ஓவர்!

டன்டோவின் குறிப்புக்கு இங்கேதான் பலன் கிடைத்தது. பந்தயத்துக்கான கனரக பாகங்களைச் செவர்லே டீலர்கள் கவுண்டரிலேயே விற்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அப்படியே நடந்தது. அவர் பெயரிலேயே ‘டன்டோவ் கேம்’ வந்தது. 1957இல் 283 கன அங்குல இன்ஜினில் எரிபொருள் பீய்ச்சும் முறையைச் சேர்த்து 283 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். லட்சக்கணக்கான செவர்லே கார்கள் ரோட்டில் ஓடின, அவற்றில் கணிசமானவை எங்கேயாவது மோதின, பின்னால் அடிபட்ட காரின் முன்னால் இருந்த இன்ஜின் பத்திரமாகக் காயலான் கடைக்கு வந்தது. இன்ஜினைத் தேர்ந்தெடுத்தது பந்தய மைதானம் என்பதைவிடக் காயலான் கடை என்பதே சரி.

இன்னொன்று, இன்ஜினை வாங்குவது கல்யாணத்தில் தாலி வாங்குவது மாதிரி. மண்டபச் செலவு தனி. செவர்லேயை 1932 ஃபோர்டில் வைக்கப் புதிய மவுண்டிங் வேண்டும், ஃபோர்டின் கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் தட்டு வேண்டும். செவர்லேயின் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால் இன்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவிலிருக்கும் தகட்டுச் சுவரில் போய் முட்டும். அங்கே குழி எடுக்க வேண்டும். அடுத்தது பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939இல்தான். 1932 கார் கம்பியை இழுத்துப் பிடிக்கிற பிரேக்கோடு, 65 குதிரைத்திறனுக்காகச் செய்தது. அதில் மூன்று மடங்கு சக்தியை வைத்துவிட்டுப் பழைய பிரேக்கோடு தெருவில் இறங்குவது எதிரில் வருகிறவனின் உயிரை வைத்து விளையாடுவது. விவரம் தெரிந்தவர்கள் முதலில் பிரேக்கை மாற்றினார்கள்.

இப்படிப் பலரும் ஒரே மாற்றத்தைச் செய்யச் செய்ய, மவுண்டிங்கும் அடாப்டரும் தபாலில் வரவழைக்கிற சாமானாகிவிட்டன. பிறகு வந்தவனுக்கு வேலை சுலபம், அதனால் அவனும் செவர்லே, அவனைப் பார்த்து அடுத்தவனும். ஃபோர்டு 1962இல் ஒரு நல்ல சின்ன வி-8 கொண்டுவந்தது, அதுவும் தற்செயலாக அதே 221 கன அங்குலத்தில். சிறிய இன்ஜின், எடை குறைவு, டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம். ஏழு வருடம் தாமதம். அதற்குள் ‘ஃபோர்டுக்குள் செவர்லே’ ஒரு பழக்கமாகியிருந்தது. 1973இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தின் அந்த மஞ்சள் 1932 ஃபோர்டு நினைவிருக்கிறதா? அதற்குள்ளும் 327 செவர்லேதான்.

எல்லாருக்கும் இது இனித்தது என்று சொல்ல முடியாது. இந்த இன்ஜினுக்கு அங்கே ‘தொப்புள்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. எல்லாரிடமும் இருக்கிறது, யாரிடமும் விசேஷமில்லை. ஃபோர்டுக்குள் ஃபோர்டுதான் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஃப்ளாட்ஹெட்டின் சத்தம் வேறு எந்த இன்ஜினிலும் வராது. பானெட்டைத் திறந்ததும் எல்லாக் காரிலும் ஒரே இன்ஜின் என்றால் அத்தனை கைவேலைக்கும் என்ன அர்த்தம்?

கதை அப்படியே இன்னொரு முறை நடந்தது. 1997இல் கார்வெட்டுக்காகச் செவர்லே எல்எஸ்1 என்ற புதிய இன்ஜினைச் செய்தது. அலுமினியம், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். சிலிண்டர் மையங்களுக்கிடையே உள்ள 4.4 அங்குல தூரத்தை மட்டும் 1955லிருந்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1999 முதல் இதே குடும்பத்தின் இரும்பு பிளாக் இன்ஜின்கள் பிக்கப் டிரக்குகளில் வந்தன. அப்புறம் என்ன, மறுபடியும் காயலான் கடை! 5.3 லிட்டர் டிரக் இன்ஜின் மலைபோலக் குவிந்தது. ஃபோர்டு அதற்குள் கேம்ஷாஃப்ட்டை மேலே ஏற்றிவிட்டிருந்தது. 2011 மஸ்டாங்கில் வந்த ‘கொயோட்டி’ 412 குதிரைத்திறன் கொடுக்கும் அருமையான இன்ஜின். ஆனால் ஒரு மூடிக்கு இரண்டு கேம்ஷாஃப்ட், தலை பெருத்துப் போச்சு. 1960களின் மஸ்டாங்கில் ஸ்பிரிங்கைத் தாங்க இரு பக்கமும் தகட்டுக் கோபுரங்கள் இருக்கும். அதில் கொயோட்டியை இறக்குகிறவர்கள் பெரும்பாலும் கோபுரங்களையே வெட்டுகிறார்கள். எல்எஸ்ஸில் ஒரே கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவில். அகலம் குறைவு. ஃபோர்டுக்காரர் மகன், அப்பாவைப் போலவே, பல்லைக் கடித்துக்கொண்டு செவர்லே வாங்கினார்.

மண்டபச் செலவு மட்டும் மாறிவிட்டது. கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும். எல்எஸ்ஸுக்கு 58 வேண்டும். புது பம்ப், புதுக் குழாய், வயரிங், கம்ப்யூட்டர். கலிஃபோர்னியாவில் சட்டமும் குறுக்கே வரும். 1976க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் புகைச் சோதனை உண்டு. காரின் வருடத்தைவிடப் பழைய இன்ஜினை வைக்கக்கூடாது, புது இன்ஜினோடு வந்த புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் எல்லாமும் கூடவே வர வேண்டும். மியூராக் காலத்துப் பையன்களுக்கு இது புரிந்திருக்காது.

இப்போது எதிர்த்திசையிலும் சிலர் போகிறார்கள். 1960களில் யாரோ இறக்கி வைத்த செவர்லேயை 1932 ஃபோர்டிலிருந்து தூக்கிவிட்டு ஃப்ளாட்ஹெட்டைத் திரும்ப வைக்கிறார்கள். சிக்கல், விரிசல் இல்லாத பிளாக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அமெரிக்காவில் அந்த இன்ஜின் 1953ஓடு நின்றுவிட்டது. ஆனால் பிரான்ஸில் சிம்கா கம்பெனி ராணுவ டிரக்குகளுக்காக அதைப் பல வருடங்கள் தொடர்ந்து வார்த்துக்கொண்டிருந்தது. ராணுவம் கழித்துவிட்ட அந்த பிளாக்குகள், சில பிரிக்கப்படாத பெட்டியோடு, கப்பலேறி அமெரிக்க ஹாட் ராடர்களிடம் வந்து சேர்ந்தன.