மொரிஸ் மைனருக்கு மறுநிறம்

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி கரைந்தபோது, அரசு இறுக்கிப் பிடித்தவற்றில் கார் இறக்குமதியும் ஒன்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, வாசலில் நின்ற மொரிஸ் மைனரையோ ஒஸ்டினையோ கட்டிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எஞ்சின் பழுதென்றால் மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும். கறள் தின்ற மட்காட்டுக்கும் வெளிறிய பொனட்டுக்கும் சொந்தக்காரரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். இந்தத் தட்டுப்பாடு வளர்த்த கைத்திறன் பின்னர் ஏற்றுமதிக்கும் உதவியது. மொரிஸ் மைனருக்கான தகடுகளைத் தென்னிலங்கையில் அடித்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

காருக்கு நிறம் பூசுவது ஆரம்பத்தில் குதிரை வண்டி செய்தவர்களின் தொழில். தூரிகையால் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு, மேலே வார்னிஷ் என்று ஒரு வண்டிக்கே வாரக்கணக்கில் ஆகும். 1923இல் டூபொன்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கொண்டுவந்த டூக்கோ பெயின்ட் அந்த வாரங்களை மணிகளாக்கிவிட்டது. அதன் மூலப்பொருள் நைட்ரோசெலுலோஸ். போரில் வெடிமருந்தாகப் புகைந்த பஞ்சின் உறவுக்காரன்! இந்தப் பெயின்ட் தூரிகை இழுபடும் முன்பே காய்ந்துவிடும், ஆகவே தெளித்துத்தான் ஆகவேண்டும். தெளிக்கும் கருவிக்கு அமெரிக்காவின் டொலிடோ நகரத்து டாக்டர் டிவில்பிஸ் முன்பே வழி காட்டியிருந்தார். நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க 1880களில் அவர் செய்த சிறு கருவியை, பின்னர் அவர் மகன் பெயின்ட் தெளிக்கும் கன்னாக வளர்த்தெடுத்தார்.

கன் வாங்க வசதியில்லாதவர்களையும் வியாபாரிகள் விட்டுவிடவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியாவில் வீட்டிலேயே தூரிகையால் பூசக்கூடிய கார் எனாமல் டப்பாக்களில் விற்றது. அவற்றில் ஒன்றின் பெயர் ரொபியலாக். இலங்கையில் அந்தப் பெயர் இன்று லங்கெம் நிறுவனத்தின் பெயின்ட் வாளிகளில் இருக்கிறது.

வீட்டு முற்றத்தில் பெயின்ட் அடித்துப் பழகுகிறவருக்கு நைட்ரோசெலுலோஸ் பெயின்ட் இன்றும் கைகொடுக்கும். வழிந்து கோடு விழுந்தால் காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி அடிக்கலாம். ஆனால் அடிப்பது கடைசி வேலை. கறளைச் சுரண்ட வேண்டும், நசுங்கிய இடத்தைத் தகடு தட்டும் டிங்கர் பாஸிடம் கொடுத்து நிமிர்த்த வேண்டும், பட்டி போட வேண்டும். பட்டியை 80 முதல் 180 இலக்கம் வரையான தேய்ப்புக் கடதாசியால் மட்டமாக்கி, பிரைமர் அடித்து, 400, 800 என்று மென்மையான கடதாசிக்கு ஏறவேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டுக் கோட்டை விடும் இடம் இதுதான். பட்டியில் விட்ட ஒரு கீறலை மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் பெயின்ட் அடிக்க நாள் பார்ப்பதும் ஒரு வித்தை. குளமும் வயலும் சூழ்ந்த ஊர் அது. கார்த்திகை, மார்கழி மழையில் காற்று நனைந்தே கிடக்கும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றின் ஈரம் அதில் படியும், கறுப்பு பொனட் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். மெதுவாகக் காயும் தின்னர் கலந்தால் ஓரளவு தப்பலாம். மழை விட்டால் பெரும்போக அறுவடை, சூடடிக்கும் பதர்த்தூசி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். அது ஈரத்தைத் துடைத்துப் போகும், ஆனால் மண்ணை அள்ளிக் கொண்டுவரும். மிஞ்சுவது சித்திரை மாதத்துக் காலைகள். பின்னேரம் இடி இடித்துப் பெய்யலாம் என்பதால் நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்பே கன்னைக் கழுவி வைப்பது நல்லது.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட் வெயிலையும் பெற்றோலையும் கூடத் தாங்கும். ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைத் தாக்கி நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. முகத்தில் லேஞ்சி கட்டிக்கொண்டு அடிப்பவரைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஓடியாடும் வளவு அதற்கு இடமே இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது, வரியோ கூரையைத் தொட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அறுபதுகளின் கணக்கே திரும்பி வந்ததில், பழைய காருக்கு மறுபடி மதிப்பு ஏறியது.

காரின் நிறமும் பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் விவரம்தான். வெள்ளைக் காரைச் சிவப்பாக்கினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும். முதன்முறை கன் பிடிப்பவர் பழைய நிறத்திலேயே நிற்பது மலிவு, கதவிடுக்கிலும் பொனட்டின் உட்புறத்திலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும் தொல்லையும் இல்லை.