அஞ்சலட்டை முதல் செல்பேசிச் செயலி வரை: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் நோய்ப்பதிவின் வரலாறு

வட ஆர்க்காடு மாவட்டம் பிரிபடாமல் இருந்த 1980களில், ஒரு டாக்டர் தன் கிளினிக்குக்கு வந்த குழந்தைக்குப் போலியோவோ தட்டம்மையோ இருக்கலாம் என்று கண்டால், மருந்துச் சீட்டு எழுதிய கையோடு ஓர் அஞ்சலட்டையும் எழுதுவார். அட்டை முன்பே அச்சிட்டுத் தரப்பட்டிருக்கும். நோய், வயது, ஊர் என்று சில விவரங்களை நிரப்பினால் போதும். அது தபாலில் வேலூருக்குப் போகும். சி.எம்.சி. மருத்துவமனையின் வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் நடத்திய இந்த ஏற்பாட்டின் பெயர் ‘நதி’. ‘வட ஆர்க்காடு மாவட்ட சுகாதாரத் தகவல்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து, பாலாற்றங்கரைக்குப் பொருந்தும் ஒரு தமிழ்ச் சொல்லாக அமைந்துவிட்டன.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தின் அடிமட்ட மருத்துவத்துக்குள் கணினியும் செல்பேசியும் நுழைந்த வரலாற்றை இந்த அட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் அதுவே உரைகல். பதிந்தவருக்குத் தன் பதிவால் ஏதாவது திரும்பக் கிடைத்த இடங்களில் கருவி வேர் பிடித்தது. கிடைக்காத இடங்களில் கூடுதல் எழுத்து வேலையாகவே நின்றுவிட்டது.

‘நதி’யில் அட்டை அனுப்பிய டாக்டருக்கு மாதந்தோறும் ஒரு செய்தி மடல் வந்தது. எந்த ஊரில் எந்த நோய் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று அதில் இருக்கும். ஓர் ஊரிலிருந்து ஒரே நோய்க்கு அட்டைகள் குவிந்தால், மாவட்டச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போகும், ஆட்கள் அந்த ஊருக்குப் போவார்கள். தனியார் டாக்டரும் அரசு டாக்டரும் ஒரே வகை அட்டையில் எழுதினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி 1998-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரையாக வெளிவந்தது. பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இதைப் பின்பற்றியது. கணினி இல்லாத கிளினிக்குகளை நம்பி எழுந்த தகவல் வலை அது.

அதே பத்தாண்டில், வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பிரிவை ஊரார் ‘சாட் ஆஸ்பத்திரி’ என்பார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் அந்த ஒன்றியத்தின் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் அப்பிரிவு கணினியில் பதியத் தொடங்கியது. முதலில் தகவல் சொல்பவர் அதே ஊரைச் சேர்ந்த சுகாதாரப் பணிப்பெண். அவர் சொன்னதை மேற்பார்வைப் பணியாளரும், அடுத்து நர்சும், அதன்பின் டாக்டரும் சரிபார்ப்பார்கள். தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளும் பார்க்க வேண்டிய கர்ப்பிணிகளும் யார் யார் என்ற பட்டியல் கணினியிலிருந்து களத்துக்குத் திரும்பி வரும்.

அந்தப் பதிவு என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1994 முதல் 1999 வரை கணியம்பாடியில் நேர்ந்த இறப்புகளின் காரணங்களை, வீடு வீடாக உறவினரைக் கேட்டு ஆராய்ந்தார்கள். 2003-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அரசின் தேசியக் கணக்கைப் போலப் பல மடங்கு. மறு ஆண்டு ‘லான்செட்’டில் வந்த ஆய்வு, 10 முதல் 19 வயதுப் பெண்களிடையே இந்த விகிதம் லட்சத்துக்கு 148 என்றது. காவல் நிலையப் பதிவேட்டுக்கு வராத இந்தச் சாவுகள் ஊர்ப் பணிப்பெண்ணின் கண்ணில் பட்டிருந்தன. அவரை நம்பிக் கட்டிய பதிவேடு என்பதால்தான் அவை கணக்கில் ஏறின.

2004-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது மூன்று வகைப் படிவங்கள் வந்தன. களப்பணியாளருக்கு ‘எஸ்’, டாக்டருக்கு ‘பி’, ஆய்வகத்துக்கு ‘எல்’. வாரந்தோறும் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். 2021-ல் இதற்குப் பதிலாக இணையத் தளம் ஒன்று வந்து, ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பதியும் முறை ஏற்பட்டது. வேகம் கூடியது உண்மை. ஆனால் தகவல் மேல்நோக்கியே பாய்ந்தது. தெருமுனைக் கிளினிக் டாக்டருக்கு மாத மடல் போன்ற ஒன்று திரும்பி வரவில்லை. தனியார் டாக்டர்களின் பங்கேற்பு இத்திட்டத்தில் எங்கும் மெலிந்தே கிடந்ததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

தமிழ்நாட்டுக் கருவிகளில் நன்றாக வேர் பிடித்தது 2008-ல் வந்த ‘பிக்மி’, அதாவது கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தொடர்ந்து பதியும் மென்பொருள். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். மாமியார் ஊர் கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் இருந்தவள் ஏழாம் மாதத்தில் அந்த நோட்டிலிருந்து மறைந்துவிடுவாள். தாய்வீட்டு ஊர் நர்சம்மாவுக்கோ அவள் புது ஆள். பெயரோடு ஓர் எண் வந்தபின் அவள் எங்கே போனாலும் அவளுடைய ரத்த அளவும் பிரஷரும் கூடவே போயின. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணோடு இணைந்ததும், பதியச் சொல்லித் தாய்மார்களே கேட்டு வந்தார்கள். சர்வர் படுத்துக்கொண்ட நாட்களில் நோட்டில் எழுதி வைத்து, இரவு வீட்டில் உட்கார்ந்து ஏற்றிய செவிலியர்களின் உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் சுகர், பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, விவரத்தைச் செல்பேசியில் பதிகிறார்கள். கொரோனா காலத்தில் பரவிய இ-சஞ்சீவனி காணொளி மருத்துவத்தில் தொடக்க மாதங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

இவை எல்லாம் தோல் வட்டாரத்துக்கு வரும்போது ஓர் இடத்தில் முட்டிக்கொள்கின்றன. இவற்றின் அடிப்படை அலகு வீடு. இங்கோ பகலில் பாதிப் பேர் வீட்டில் இல்லை. ஷூ கம்பெனிப் பேருந்து விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் ஈ.எஸ்.ஐ.யின் கணினிப் பதிவு ஒரு பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவு இன்னொரு பக்கம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேற்பகுதியான ‘அப்பர்’ தைத்து ஏஜெண்டிடம் கொடுக்கும் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. 2024-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பணியிடங்களுக்கும் அரசு விரிவாக்கியது நல்ல திருத்தம். அந்தத் திண்ணையும் ஒரு பணியிடம்தான் என்பது இன்னும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை.

வீடே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. இறந்தவர்கள் 10 பேர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கதவு தட்டிப் பதியும் எந்தச் செயலியும் அவர்களைச் சென்று சேர்ந்திருக்காது, ஏனென்றால் தட்டுவதற்கு அவர்களுக்குக் கதவு இல்லை.

நோயைக் கேட்கும் விதத்திலும் குறை இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்காக மத்திய அரசு வகுத்த தொற்றாநோய்ப் பரிசோதனைப் படிவத்தில், தொழிலால் வரும் பாதிப்பைக் கேட்கும் வரி ஒன்று உண்டு. பயிர்த்தாள், குப்பை எரித்தல், புகை, வாயு, தூசி உள்ள ஆலைகள் என்று சொல்லி, செங்கல் சூளையையும் கண்ணாடித் தொழிற்சாலையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. மூச்சில் போவதைக் கேட்கிறது. தோலில் படுவதைக் கேட்கவில்லை. சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் கை நனைப்பவருக்கும், குரோமியம் பட்டு விரலிடுக்கில் புண் ஆறாதவருக்கும் அங்கே கட்டம் இல்லை. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் ஓ.பி. சீட்டில் ‘கையில் அரிப்பு’ என்று ஏறும், களிம்பு கிடைக்கும், சுகரும் பிரஷரும் செயலிக்குள் போகும். டேனரிக் கழிவைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற நெறி அதில் நிலைபெற்றது. ஆற்றுக்கும் நிலத்துக்கும் நேர்ந்ததை அளந்த அளவுக்குத் தொழிலாளியின் கைக்கு நேர்ந்ததை அளக்கும் பதிவேடு உருவாகவில்லை.

1989-ல் வட ஆர்க்காடு பிரிந்தது. 2019-ல் வேலூர் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. மூன்று மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து பார்த்தால்தான் இந்த வட்டாரத்தின் நோய் ஒரே படமாகத் தெரியும். அதற்குப் புதிய செயலி தேவையில்லை. இப்போதிருக்கும் பதிவில் சில கேள்விகளைச் சேர்த்து, கிடைக்கும் விடைகளை மாதம் ஒருமுறை அந்த நர்சம்மாவுக்கும் தெருமுனை டாக்டருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் திருப்பி அனுப்பினால் போதும்: டேனரியில் வேலையா, எந்தப் பிரிவில்? சுண்ணாம்புத் தொட்டியிலா, குரோம் டிரம்மிலா? வீட்டில் அப்பர் தைக்கிறீர்களா, எத்தனை வருடமாக? பசை கையில் படுகிறதா? கையைக் காட்டுங்கள், பார்க்கலாம்.